லியோங்காதா மதிய விருந்து: டெத் கேப் காளான் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

சின்ன ஊர், சர்ச்சுக்குப் போகும் குடும்பம், வீட்டில் சமைத்த சனிக்கிழமை விருந்து, காட்டில் முளைத்த காளான். துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கிறவர்களுக்கு இந்த வழக்கின் சாமான்கள் எல்லாமே பழகியவை. அதனால்தான் உலகம் முழுக்க இதைக் கதை மாதிரியே பேசினார்கள். ஆனால் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள், ஒருவர் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருக்கிறார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கொலைகாரியின் மனசு இல்லை. சாப்பிட்ட நேரத்துக்கும் வாந்தி தொடங்கிய நேரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி, அதை மருத்துவர்கள் படித்த விதம், அப்புறம் அன்றாடம் நாம் விட்டுச்செல்லும் சில்லறைப் பதிவுகள் வழக்கைக் கட்டிய விதம், இவைதான். நீதிமன்றத்தில் வெளிவந்ததை வைத்து முதலிலிருந்து முடிவுவரை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் வேண்டாம், உறவுமுறையே போதும்.

பின்னணி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குத் தென்கிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பால்மாட்டுப் பிரதேசம் சவுத் கிப்ஸ்லாண்ட். அங்கே லியோங்காதாவும் கொரம்பராவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். விருந்து கொடுத்த பெண் லியோங்காதாவில் தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார், கணவரைப் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமனார், மாமியார் இருவருக்கும் 70 வயது, வீடு கொரம்பராவில். மாமியாரின் தங்கைக்கு 66. தங்கையின் கணவர் கொரம்பரா பாப்டிஸ்ட் சபையின் போதகர். பிரிவுக்குப் பிறகும் மருமகளுக்கும் மாமனார் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. 2022 கடைசியில் பிள்ளைகளின் செலவுப் பணம் தொடர்பாகக் கணவரோடு தகராறு வந்தது. மாமனார் மாமியார் தன் பக்கம் பேசவில்லை என்று அவர் இணைய நண்பர்களிடம் கோபமாக எழுதியவை பின்னால் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன.

காளானைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டெத் கேப் ஐரோப்பியக் காளான், அறிவியல் பெயர் அமானிட்டா ஃபல்லாய்டிஸ். ஓக் மரத்தின் வேரோடு ஒட்டி வாழ்வது, அந்த மரங்களோடுதான் ஆஸ்திரேலியாவுக்கும் வந்து சேர்ந்தது. தொப்பி வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், அடியில் வெள்ளை மடிப்புகள், தண்டில் ஒரு வளையம், தண்டு மண்ணில் இறங்கும் இடத்தில் கிழிந்த பை போன்ற உறை. இந்த உறை மண்ணுக்குள் இருப்பதால் மேலோடு கிள்ளி எடுப்பவர் கண்ணில் படாது. விக்டோரியாவில் இலையுதிர் காலத்தில், அதாவது ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் அதிகம் தலைகாட்டும். இந்த மாதக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதிலுள்ள அமானிட்டின் என்ற நச்சு வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, உலர்த்தினாலும் போகாது. ஒரே ஒரு காளான் ஒரு பெரிய ஆளைக் கொல்லப் போதும். செல்கள் புரதம் தயாரிக்கும் வேலைக்கு முதல் படியாக இருக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. அதில் முதலில் அடிபடுவது ஈரல். சாப்பிட்ட உடனே எதுவும் தெரியாது. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். அது ஒரு நாளில் கொஞ்சம் அடங்கும், ஆள் தேறிவிட்டது போலவே தெரியும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கரைந்துகொண்டிருக்கும்.

ஜூலை 29, 2023: மேசையில்

முக்கியமான குடும்ப விஷயம் பேச வேண்டும் என்று ஐந்து பேரை அழைத்திருந்தார். பிரிந்திருந்த கணவர் மட்டும் வர மறுத்துவிட்டார். தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று முந்தைய நாள் மாலை குறுஞ்செய்தி அனுப்பினார். ஏமாற்றமாக இருக்கிறது என்று பதில் போனது. மற்ற நால்வரும் வந்தார்கள்.

சமைத்தது பீஃப் வெலிங்டன். நல்ல மாட்டிறைச்சித் துண்டைச் சுற்றி, பொடியாக நறுக்கி ஈரம் வற்ற வதக்கிய காளான் விழுதைப் பூசி, அதன்மேல் மாவுத் தாளைப் போர்த்தி அடுப்பில் வைத்துச் சுடும் பண்டம். வழக்கமாக இதை ஒரே பெரிய உருளையாகச் செய்து மேசையில் அறுத்துப் பரிமாறுவார்கள். இவர் ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே செய்திருந்தார். கூடவே உருளைக்கிழங்கு மசியலும் பீன்ஸும். அரசுத் தரப்பு பிற்பாடு இந்தத் தனித்தனி உருப்படிகளைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரே உருளை என்றால் விஷம் எல்லோருக்கும் பொது, தனித்தனி என்றால் யாருக்கு எது என்று தீர்மானிக்கலாம்.

உயிர் பிழைத்த போதகர் சாட்சிக் கூண்டில் சொன்னது: விருந்தினர் நால்வருக்கும் பெரிய சாம்பல் நிறத் தட்டுகள், சமைத்தவருக்கு மட்டும் ஆரஞ்சு சாயலில் சிறிய தட்டு. போதகரின் மனைவியும் இதைக் கவனித்திருந்தார், மறுநாள் உடம்பு முடியாத நிலையில் அதைப் பற்றிக் கேட்டும் இருக்கிறார். மருமகள் வீட்டில் தட்டு பற்றாக்குறையோ என்ற மட்டில்தான் அந்தப் பேச்சு நின்றது. எப்படிச் சந்தேகப்படத் தோன்றும், சொல்லுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவர் தனக்குப் புற்றுநோய் என்றும், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்றும் ஆலோசனை கேட்டிருக்கிறார். போதகர் எல்லோருக்காகவும் ஜெபம் செய்தார். அப்படி எந்த நோயும் சமைத்தவருக்கு இருந்ததில்லை.

ஜூலை 30: பெயர் தெரியாத நோய்

விருந்து நடந்த இரவே நால்வருக்கும் வாந்தி, பேதி. மறுநாள் காலை மாமனார் மாமியாரை ஆம்புலன்ஸ் கொரம்பரா மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. தங்கையையும் போதகரையும் மருமகளின் கணவரே காரில் ஏற்றி லியோங்காதா மருத்துவமனையில் சேர்த்தார். ஒரே குடும்பம், ஒரே சாப்பாடு, ஒரே அறிகுறி என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது கெட்டுப்போன இறைச்சிதான். அந்தக் கோணத்திலேயே முதல் நாள் கழிந்தது, நீர்ச்சத்து ஏற்றினார்கள், கவனித்துக்கொண்டார்கள். முதல் நாளில் எந்த மருத்துவரும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

மாமனாரின் ரத்தத்தில் லாக்டேட் அளவு ஏறியிருந்தது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு அது பொருந்தவில்லை. உடம்பு உள்ளே எங்கோ பெரிதாக அடிபடுகிறது என்பதற்கான அறிகுறி அது. அவரும் மனைவியும் மெல்பர்ன் புறநகரான டாண்டினோங்கின் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று அங்கே கேட்டபோது காளான் பேச்சு வந்தது. சாப்பிட்டது மதியம், தொடங்கியது இரவு. நச்சியல் நிபுணர்களோடு பேசினார்கள். திங்கட்கிழமை காலைக்குள் டெத் கேப் என்ற சந்தேகம் உறுதியாகிவிட்டது, லியோங்காதாவுக்கும் தொலைபேசியில் தகவல் போனது.

ஜூலை 31: ஒரு மருத்துவர் எடுத்த முடிவுகள்

இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இதுதான். டாண்டினோங்கிலிருந்து தகவல் வந்து சற்று நேரத்துக்கெல்லாம், காலை எட்டு மணி வாக்கில், சமைத்தவரே லியோங்காதா மருத்துவமனைக்கு வந்து நின்றார், தனக்கும் வயிறு சரியில்லை என்று. பணியிலிருந்த மருத்துவர் காளான் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பெயர் ஒற்றைச் சொல்லாகப் பதிலாக வந்தது. உயிருக்கு ஆபத்தான நச்சு சம்பந்தப்பட்டிருக்கிறது, உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்று சொல்லியும், வந்த ஐந்து நிமிடத்தில் அவர் கிளம்பிப் போய்விட்டார்.

மருத்துவர் அவருடைய கைப்பேசிக்குப் பலமுறை அழைத்தார். எடுக்கவில்லை. உடனே போலீஸை அழைத்தார். நோயாளி சொல் பேச்சு கேட்காமல் போனதற்கெல்லாம் யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை. அவர் கணக்கு எளிமையானது: அந்தப் பெண்ணும் விஷம் சாப்பிட்டிருந்தால் அவர் உயிர் போகும், சாப்பிடவில்லை என்றால் அது வேறு கதை. எப்படியிருந்தாலும் அவர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார்.

அடுத்த முடிவு, மிச்ச உணவு. அந்தப் பெண்ணின் அனுமதியோடு போலீஸார் வீட்டுக்குப் போய் வெளியே குப்பைத் தொட்டியிலிருந்து வெலிங்டன் மிச்சத்தை எடுத்து வந்தார்கள். பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை இரவு மிச்சத்தைச் சாப்பிட்டார்கள், காளானையும் மாவையும் சுரண்டிவிட்டு இறைச்சியை மட்டும் கொடுத்தேன் என்று அவர் சொன்னதும், அவர்களைப் பள்ளியிலிருந்து உடனே அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். பயந்துவிடுவார்கள் என்று தாய் தயங்கினார். பயந்தாலும் உயிரோடு இருக்கட்டும் என்ற பொருளில் மருத்துவர் கறாராகப் பதில் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தாயின் ஈரல் பரிசோதனையும் சரியாகவே இருந்தது, ஆகஸ்ட் 1 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மற்ற நால்வரும் மெல்பர்னில் ஈரல் மாற்று சிகிச்சை வசதியுள்ள ஆஸ்டின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சகோதரிகள் இருவரும் ஆகஸ்ட் 4 அன்று இறந்தார்கள். மாமனாருக்கு ஈரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை, மறுநாள் அவரும் போனார். போதகர் பல வாரம் படுக்கையில் கிடந்து செப்டம்பரில் வீடு திரும்பினார்.

காளான் எங்கிருந்து வந்தது

சூப்பர் மார்க்கெட் பதில் விரைவிலேயே நீண்டது. புதுக் காளான் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது, சுவை போதவில்லை என்று உலர்ந்த காளானும் சேர்த்தேன், அதை மெல்பர்னில் ஏதோ ஓர் ஏசியன் குரோசரியில் வாங்கினேன், எந்தக் கடை என்று நினைவில்லை என்றார். சுகாதாரத் துறைக்கு இது சாதாரண விஷயமில்லை. கடையில் விற்கும் பொட்டலத்தில் டெத் கேப் என்றால் இன்னும் எத்தனை வீட்டில் அது இருக்கிறதோ? ஓக்லீ, கிளேட்டன், மவுண்ட் வேவர்லி பக்கத்துக் கடைகள் என்று அவர் பொத்தாம்பொதுவாகக் குறிப்பிட்ட வட்டாரத்தில் அதிகாரிகள் இறங்கித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் வாங்கிச் சாப்பிடும் வட்டாரம் அது. யாரோ ஒரு சீனக் கடைக்காரரோ இந்தியக் கடைக்காரரோ ஒரு பாவமும் அறியாமல் சந்தேகத்தில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால், இந்த வழக்கின் சின்னப் பொய்களில் இது எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

ஆகஸ்ட் 2 அன்று, அதாவது மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள், அவர் கூன்வாரா குப்பைக் கிடங்குக்குப் போய் உணவு உலர்த்தும் மின்கருவி ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். அங்கே கேமரா இருந்தது. போலீஸ் அந்தக் கருவியை மீட்டது, அதில் அவருடைய கைரேகை இருந்தது, டெத் கேப்பின் தடயமும் இருந்தது. ஆகஸ்ட் 5 விசாரணையில் அப்படி ஒரு கருவியே தன்னிடம் இருந்ததில்லை என்று சொன்னார். அதன் கையேடு சமையலறையில் கிடைத்தது.

அப்புறம் மாதக் கணக்கு. இயற்கை ஆர்வலர்கள் தாங்கள் பார்த்த செடி, பூச்சி, காளானைப் படத்தோடும் இடத்தோடும் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில், ஏப்ரல் 18 அன்று லாக் என்ற ஊரிலும் மே 21 அன்று அவுட்ரிம் என்ற ஊரிலும் டெத் கேப் கண்டதாக இரண்டு பதிவுகள். இரண்டும் சவுத் கிப்ஸ்லாண்டில்தான். ஏப்ரல் 28 அன்றும் மே 22 அன்றும் அவருடைய கைப்பேசி அந்தப் பக்கங்களில் இருந்ததாகக் கோபுரத் தரவு காட்டியது என்றது அரசுத் தரப்பு. உலர்த்தும் கருவியை வாங்கியதும் ஏப்ரல் 28 அன்றுதான். மே மாதம் முளைத்தது ஜூலை கடைசி வரை தாங்க வேண்டுமானால் உலர்த்தித்தான் வைக்க வேண்டும். உலர்த்திப் பொடித்துவிட்டால் பச்சைத் தொப்பி ஏது, வளையம் ஏது, உறை ஏது? காளான் தெரிந்த எவரும் பார்த்து அடையாளம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இது சோதனையிலும் தெரிந்தது. குப்பையிலிருந்து எடுத்த மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்த நிபுணருக்குக் கிடைத்த துண்டுகள் சாதாரணக் கடைக் காளான்தான். அமானிட்டின் இருந்ததை வேதியியல் சோதனைதான் காட்டியது.

கைப்பேசி விஷயமும் உண்டு. அவர் அன்றாடம் பயன்படுத்திய கைப்பேசி போலீஸுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கொடுத்த இன்னொன்று பலமுறை அழிக்கப்பட்டிருந்தது, ஒருமுறை போலீஸ் கையில் இருந்தபோதே தொலைவிலிருந்து.

நீதிமன்றம்

2023 நவம்பர் 2 அன்று கைது. 2025 ஏப்ரல் 29 அன்று மோர்வெல் ஊரில் உச்ச நீதிமன்ற விசாரணை தொடங்கியது. அங்கே உச்ச நீதிமன்றம் என்பது மாநில அளவிலானது, நம் டெல்லி நீதிமன்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள். கூண்டேறி எட்டு நாள் அவரே சாட்சி சொன்னார்.

எதிர்த்தரப்பு வாதத்தைக் கேலி செய்துவிட்டுப் போவது சரியில்லை. கொரோனா ஊரடங்குக் காலத்திலிருந்தே காட்டுக் காளான் எடுக்கும் பழக்கம் தனக்கு உண்டு, உலர்த்தி வைத்தவையும் கடையில் வாங்கியவையும் ஒரே டப்பாவில் கலந்திருக்கலாம், அது விபத்து, பொய் சொன்னதெல்லாம் பயத்தில் என்றார். பயத்தில் முட்டாள்தனமாக நடந்துகொள்கிறவர்கள் இல்லையா என்ன. பொய் சொன்னதற்காக அவர் இங்கே நிற்கவில்லை என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. கொலைக்கான காரணத்தை நிரூபிக்கும் கட்டாயமும் அரசுத் தரப்புக்கு இல்லை, அவர்கள் ஒரு காரணத்தையும் ஆணித்தரமாக முன்வைக்கவில்லை. கதை படிக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம், கடைசி அத்தியாயத்தில் ஏன் என்று யாராவது சொல்ல வேண்டுமே.

என்னைப் பொறுத்தவரை விபத்து வாதம் உடைந்த இடம் வேறு. நால்வரும் சாகக் கிடக்கிறார்கள், மருத்துவர்கள் காளான் எங்கிருந்து வந்தது என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். தான் காட்டில் பறித்ததும் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் தனக்கு வந்ததாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரியை அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 7 அன்று ஜூரி மூன்று கொலை, ஒரு கொலை முயற்சி என்று நான்கிலும் குற்றவாளி என்றது. செப்டம்பர் 8 அன்று ஆயுள் தண்டனை, 33 வருடம் கழித்துத்தான் பரோல் கேட்க முடியும். தனக்குச் செய்யப்பட்டதை மன்னிப்பதாகவும், மற்றவர்களுக்குச் செய்ததை மன்னிக்கும் இடத்தில் தான் இல்லை என்றும் போதகர் நீதிமன்றத்தில் சொன்னார். அதன் பிறகு இரு தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போயின, தீர்ப்பை எதிர்த்து அவரும், தண்டனை போதாது என்று அரசும்.

என்ன மாற வேண்டும்

மருத்துவமனைப் பக்கம் எனக்குத் தோன்றுவது, வாந்தி பேதியோடு கூட்டமாக ஆட்கள் வந்தால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற இரண்டு கேள்வியும் முதல் தாளிலேயே எழுதப்பட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, சாப்பாட்டில் காளான் என்றால், ஈரல் பரிசோதனை சரியாக வந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் நச்சுத் தகவல் மையத்தைக் கேட்க வேண்டும். முதல் பரிசோதனை பெரும்பாலும் சரியாகத்தான் வரும், ஈரல் விழுவது அப்புறம்தானே. விஷத்தை உறிஞ்சும் கரித்தூளும் சிலிபினின் என்ற விஷமுறிவு மருந்தும் சீக்கிரம் கொடுத்தால்தான் ஏதாவது பயன். அதே மேசையில் உட்கார்ந்தும் யாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் கேட்டு வைக்கலாம். குற்றம் தேடுவதற்காகச் சொல்லவில்லை, எந்தப் பதார்த்தம் என்று பிரித்தறிய அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளங்கள் டெத் கேப் முளைத்த இடத்தைத் துல்லியமாகக் காட்டலாமா என்ற கேள்வி இந்த வழக்குக்குப் பின் எழுந்தது. மறைக்க வேண்டும் என்கிறவர்களின் பயம் புரிகிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை. அந்தப் பதிவுகளைப் போட்டவர்கள் நாய் நடத்துகிறவர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் உஷாராக இருக்கட்டும் என்றுதான் போட்டார்கள். வருடா வருடம் அப்படி எச்சரிக்கப்படுகிறவர்கள் எத்தனையோ பேர், தவறாகப் பயன்படுத்தியவர் ஒருவர். அதோடு தேதியும் இடமும் பொதுவில் இருந்ததால்தான் கைப்பேசித் தரவை எதோடு ஒப்பிடுவது என்று போலீஸுக்குத் தெரிந்தது.

மெல்பர்னிலும் கான்பராவிலும் இருக்கும் நம்மவர்களுக்குக் கொலையைவிட விபத்துதான் நிஜமான ஆபத்து. 2012 புத்தாண்டை ஒட்டிக் கான்பராவில் டெத் கேப் சாப்பிட்டு இருவர் இறந்தார்கள், அதில் யார்மேலும் குற்றமில்லை. ஆசியாவில் விளையும் வைக்கோல் காளான் மொட்டாக இருக்கும்போது இளம் டெத் கேப்பைப் போலவே இருக்கும். ஊரில் மழை விட்டதும் புற்றோரம் போய்க் காளான் பறித்த கை, ஓக் மரத்தடியில் அதையே தேடும். அந்தக் கண்பழக்கம் இந்த மண்ணில் செல்லாது, விக்டோரியா சுகாதாரத் துறையே காட்டுக் காளானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஒருவேளை யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்திக்காகக் காத்திருக்காமல் 13 11 26 என்ற நச்சுத் தகவல் எண்ணை அழையுங்கள், சட்டியில் மிச்சமிருப்பதைக் கழுவி ஊற்றாதீர்கள், சமைக்காத காளான் ஒன்று கிடந்தால் காகிதப் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும்.